எந்த ஸ்கேன், யாருடைய எலும்பு

தூத்துக்குடியில் அறுபதைத் தாண்டிய ஓர் ஆண் இடுப்பு வலிக்கிறது என்று சொன்னால் வீட்டில் யாரும் திடுக்கிடுவதில்லை. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர், உப்பளத்தில் குனிந்தே நின்று உப்பு வாரியவர், தோணியில் சரக்கு ஏற்றி இறக்கியவர், சங்கு குளித்தவர் என எல்லோரையும் அந்த வலி ஏதோ ஒரு வயதில் பிடித்துக்கொள்கிறது. தைலம் தேய்க்கிறார்கள், மருந்துக்கடையில் மாத்திரை வாங்குகிறார்கள், எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து "தேய்மானம்தான்" என்று கேட்டுத் திரும்புகிறார்கள். அவர்களில் சிலர் சிறுநீர் சரியாகப் பிரியவில்லை என்று பிறகு வேறொரு மருத்துவரிடம் போகிறார்கள். அங்கே பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையில் எண் நூறைத் தாண்டி நிற்கிறது. தசைத் துணுக்குப் பரிசோதனை புராஸ்டேட் புற்றுநோய் என்று உறுதி செய்கிறது. உடனே எழும் கேள்வி, நோய் எலும்புக்குப் போய்விட்டதா என்பது. இவ்வளவு நாள் வலித்தது அதனால்தானா என்று குடும்பம் கேட்கிறது.

விடை தேட இன்று குறைந்தது ஐந்து வகைப் படங்கள் உள்ளன: டெக்னீசியம் ஊசி போட்டு எடுக்கும் எலும்பு ஸ்கேன், சிடி, எம்ஆர்ஐ, ஃப்ளோரைடு பெட், பிஎஸ்எம்ஏ பெட். இவற்றில் எது சிறந்தது என்று உலகெங்கும் ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டு வருகிறார்கள். அந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்து எடைபோடும் தொகுப்பாய்வுகளும் வந்துவிட்டன. கண்டுபிடிக்கும் திறனில் பிஎஸ்எம்ஏ பெட் முந்திவிட்டது என்பதில் இன்று பெரிய சச்சரவு இல்லை. ஆனால் அந்த முடிவை அப்படியே எடுத்துவந்து முத்துக்குளித்துறை என்ற இந்தத் தூத்துக்குடிக் கரையில் வைத்தால் சில இடங்களில் பொருந்தாது என்பது என் வாதம். ஒரு ஸ்கேனின் துல்லியம் என்று இதழில் அச்சாகும் எண், அந்த ஆய்வில் பங்கேற்ற மனிதர்களின் எலும்பையும் சேர்த்து அளந்த எண். இந்தக் கரையில் பிறந்து உழைத்தவரின் எலும்புக்கு வேறு வரலாறு இருக்கிறது.

முதலில், இந்த நோய் ஏன் எலும்பைத் தேடிப் போகிறது என்பதைப் பார்த்துவிடலாம். 1940இல் ஃபிலடெல்ஃபியாவின் உடற்கூறியல் பேராசிரியர் ஆஸ்கர் பேட்சன், முதுகுத்தண்டைச் சுற்றியுள்ள சிரைவலையில் வால்வுகள் இல்லை என்பதை விளக்கினார். இருமும்போதும் முக்கும்போதும் வயிற்றுக்குள் அழுத்தம் கூடி, இடுப்புக்குழியின் ரத்தம் நுரையீரலுக்குப் போகாமலே முதுகெலும்புப் பக்கம் ஏறிவிடும். புராஸ்டேட்டிலிருந்து கழன்ற புற்றணுக்களுக்கு இது குறுக்கு வழி. வழி மட்டும் போதாது, எலும்பு மஜ்ஜையில் அவை ஒட்டிக்கொண்டு பிழைக்கத் தோதான சூழலும் வேண்டும் என்பது பின்வந்த ஆய்வுகளில் தெரிந்தது. எப்படியானாலும் இடுப்பெலும்பு, கீழ் முதுகெலும்பு, விலா, தொடையெலும்பின் மேற்பகுதி ஆகியவையே இந்நோய் முதலில் பிடிக்கும் இடங்கள். பல புற்றுநோய்கள் எலும்பை அரித்து ஓட்டையாக்கும். புராஸ்டேட் புற்றுநோயோ பெரும்பாலும் எலும்பைத் தூண்டிவிட்டு, ஒழுங்கில்லாத புது எலும்பை வளரச் செய்யும். வெளியே அடர்ந்து தெரிந்தாலும் உள்ளே அது வலுவற்ற எலும்பு.

சாதாரண எக்ஸ்ரே இதைப் பிடிப்பதில் மிகவும் தாமதம். முள்ளெலும்பின் சுண்ணச்சத்தில் ஏறத்தாழ 30 முதல் 50 சதவீதம் வரை மாற்றம் வந்த பிறகே அரிப்பு கண்ணுக்குத் தெரியும் என்பது பழைய கணக்கு. எனவே எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்பதை எலும்பில் ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் ஊர்களில் தேய்மானம் என்று சொல்லி ஓராண்டு கடந்துபோவதற்கு இந்தக் குழப்பம் முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன். எக்ஸ்ரே எடுக்கப்பட்ட பல முதியவர்களுக்கு அன்றே ஒரு பிஎஸ்ஏ சோதனையும் செய்திருந்தால் போதுமாக இருந்திருக்கும்.

எலும்பு ஸ்கேனின் கதை வேதியியலில் தொடங்குகிறது. டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கத் தனிமம் 6 மணி நேரத்தில் பாதியாகத் தேய்ந்துவிடும். அதன் தாயான மாலிப்டினம்-99க்கு அரை ஆயுள் 66 மணி நேரம். தாயை ஒரு சிறு கலத்தில் வைத்து மருத்துவமனைக்கு அனுப்பினால், அங்கே நாள்தோறும் உப்புக் கரைசலை ஊற்றி மகளைப் பிரித்தெடுக்கலாம். அணு மருத்துவத் துறையினர் இதைப் பால் கறப்பது என்றே சொல்வார்கள். இந்தக் கலம் 1950களின் இறுதியில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் உருவானது. 1971இல் நியூயார்க் மாநிலத்தின் சிராகியூஸில், இந்தியாவிலிருந்து போன கோபால் சுப்ரமணியனும் ஜான் மெக்காஃபியும் டெக்னீசியத்தைப் பாஸ்பேட் கூட்டுப்பொருளோடு பிணைத்து எலும்புக்கு அனுப்பும் வழியைக் கண்டார்கள். 1975இல் சுப்ரமணியனின் குழு வெளியிட்ட எம்டிபி என்ற பொருள்தான் இன்றும் உலகம் முழுக்க எலும்பு ஸ்கேனுக்குப் பயன்படுகிறது. ஐம்பது ஆண்டுகளாக அசையாமல் நிற்கும் மருத்துவக் கண்டுபிடிப்புகள் குறைவு. அவற்றில் ஒன்றின் முதல் பெயர் நம் நாட்டுப் பெயர் என்பது தமிழ் வாசகருக்குச் சொல்லப்பட வேண்டிய செய்தி.

செய்முறை எளிது. கையில் ஊசி போட்டுவிட்டு ஏறத்தாழ மூன்று மணி நேரம் காத்திருக்கச் சொல்வார்கள், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்வார்கள். பிறகு காமா கேமராவின் கீழ் அசையாமல் படுக்க வேண்டும். தலை முதல் கால் வரை முழு எலும்புக்கூடும் ஒரே படத்தில் வந்துவிடும். புது எலும்பு எங்கே வேகமாக உருவாகிறதோ அங்கே மருந்து அதிகம் சேர்ந்து கறுப்பாகத் தெரியும். கவனிக்க வேண்டியது, இந்தப் படத்தில் புற்று தெரிவதில்லை. புற்றுக்கு எலும்பு காட்டும் எதிர்வினைதான் தெரிகிறது. எலும்பு வேறு எதற்கு எதிர்வினை காட்டினாலும் அதே கறுப்பு விழும். இந்த ஸ்கேனின் பலமும் பலவீனமும் இதில்தான் இருக்கின்றன.

எண்களைப் பார்ப்போம். 2014இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, நோயாளிகளை அலகாகக் கொண்டு கணக்கிட்டபோது, எலும்புப் பரவல் உள்ளவர்களில் 79 சதவீதத்தினரை எலும்பு ஸ்கேன் கண்டுபிடித்தது. பிஎஸ்எம்ஏவுக்கு முன் புழங்கிய கோலின் பெட் 91 சதவீதம், எம்ஆர்ஐ 97 சதவீதம். 2019இல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு, பிஎஸ்எம்ஏ பெட்டையும் ஃப்ளோரைடு பெட்டையும் சேர்த்துக்கொண்டு ஐந்து முறைகளை வரிசைப்படுத்தியது: பிஎஸ்எம்ஏ 97, ஃப்ளோரைடு 96, எம்ஆர்ஐ 91, கோலின் 87, எலும்பு ஸ்கேன் 86. இரண்டு ஆய்வுகளிலும் எம்ஆர்ஐயின் இடம் மாறியிருப்பதே இவற்றை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு ஓர் அளவு. சேர்த்த ஆய்வுகள் வேறு, நோயாளிகளின் நிலை வேறு, எம்ஆர்ஐ முழு உடலுக்கா முதுகுக்கு மட்டுமா என்பதும் வேறு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒளிர்ந்த இடத்தில் எலும்பைத் துளைத்துத் துணுக்கெடுத்து உறுதி செய்வது அபூர்வம். பெரும்பாலும் மற்ற ஸ்கேன்களையும் பின்தொடர்தலையும் வைத்தே இது உண்மைப் பரவல் என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். ஒரு படத்தைச் சரிபார்க்க இன்னொரு படம் சாட்சியாக வரும்போது எண்கள் கொஞ்சம் அழகாகவே வரும்.

இதைவிட முக்கியமானது, அடிப்படை ஆய்வுகளில் பெரும்பகுதி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்தவை. அங்கே வயதானவரின் எலும்பில் புற்றுக்கு அடுத்து எதிர்பார்ப்பது மூட்டுத் தேய்மானமும் பழைய எலும்பு முறிவும். இங்கே அந்தப் பட்டியல் நீளமானது.

முதலாவது தண்ணீர். 1937இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் ஷார்ட், மக்ராபர்ட், பர்னார்டு, நாயர் ஆகிய நால்வர் ஒரு கட்டுரை எழுதினார்கள். அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் கிணற்றுநீரின் ஃப்ளோரைடால் முதுகு விறைத்து, எலும்பு அடர்ந்து, நிமிர முடியாமல் போனவர்களைப் பற்றியது அது. எலும்பில் ஃப்ளோரைடு நோய் இந்தியாவில் முதலில் பதிவானது அங்கேதான். அந்த நால்வரில் பர்னார்டு, சென்னைப் பொது மருத்துவமனையில் கதிரியக்கத் துறையைக் கட்டியெழுப்பியவர். 1934இல் திறந்த அந்தத் துறையின் நிறுவனம் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்தின் நிலத்தடி நீரிலும் பல இடங்களில் ஃப்ளோரைடு அளவு மீறி இருப்பதை நிலநீர் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்த வரம்பு. குழாய்த் தண்ணீர் வருவதற்கு முன் கிணற்றையே நம்பி வளர்ந்த ஒருவருக்கு, எழுபது வயதில் எடுக்கும் எக்ஸ்ரேயில் முதுகெலும்பும் இடுப்பெலும்பும் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தால், அது பரவிய புராஸ்டேட் புற்றாகவும் இருக்கலாம், முப்பது வருடத் தண்ணீராகவும் இருக்கலாம். எலும்பு ஸ்கேனிலும் இரண்டும் ஒரே வேஷம் போடும்: எலும்புக்கூடு முழுக்க ஒரே சீராகக் கறுத்து, சிறுநீரகங்கள் மங்கி மறைந்துவிடும். மருத்துவர்கள் இதைச் சூப்பர் ஸ்கேன் என்பார்கள். அனுபவமில்லாத கண்ணுக்கு இந்தப் படம் சில சமயம் குறையே இல்லாத சுத்தமான படம் போலத் தோன்றுவது இன்னும் பெரிய ஆபத்து.

இங்கே ஃப்ளோரைடு பெட்டைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 1962இல் அறிமுகமாகி, பெட் கருவிகள் பரவிய பிறகு மறுவாழ்வு பெற்ற முறை இது. எலும்பின் படிகத்தில் ஹைட்ராக்சில் இருக்கும் இடத்தில் ஃப்ளோரைடு போய் உட்கார்ந்துகொள்ளும் இயல்பே இதன் அடிப்படை. கிணற்றுநீர் ஒருவரின் எலும்பை அடர்த்தியாக்குவதும் இதே இயல்பால்தான். எலும்பு ஸ்கேனைவிட இது கூர்மையானது, சிறு புள்ளியையும் காட்டும். ஆனால் இதுவும் எலும்பின் எதிர்வினையையே படமெடுக்கிறது. தேய்மானம், பழைய முறிவு, மூட்டு வாதம் எல்லாம் இன்னும் தெளிவாக ஒளிரும். நம் முதியவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது காசநோய். முதுகெலும்புக் காசம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம் முதுகெலும்புக் காசத்துக்கான மருந்து முறைகளை ஆராய்ந்து உலகுக்குச் சொன்னது. முதுகில் வலி, ஒளிரும் முள்ளெலும்பு, எடை குறைதல் என மூன்றும் இரண்டு நோய்க்கும் பொது. காசம் பெரும்பாலும் இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டைத் தின்று இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும். புற்று பொதுவாக வட்டை விட்டுவிட்டு எலும்பைப் பிடிக்கும். இந்த வேறுபாட்டை எலும்பு ஸ்கேன் சொல்லாது, எம்ஆர்ஐ சொல்லும். பிஎஸ்எம்ஏ பெட்டிலும் காசப் புண் ஒளிர்ந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. பிஎஸ்ஏ எண் குறைவாக இருந்து, முதுகில் ஒரே இடம் மட்டும் ஒளிர்ந்தால், அந்த இடத்தில் ஊசி வைத்துத் துணுக்கெடுத்துப் பார்க்காமல் நான்காம் நிலைப் புற்றுநோய் என்று எழுதிவிடுவது அந்த மனிதருக்குச் செய்யும் அநீதி.

மூன்றாவது கடல். தூத்துக்குடியின் முத்துச்சிப்பிப் பார்களில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்துவிட்டது. சங்கு குளிப்பது நிற்கவில்லை. மூச்சைப் பிடித்துக் குளித்த காலம் போய், படகில் உள்ள கம்ப்ரஸரிலிருந்து குழாய் வழியாக வரும் காற்றைச் சுவாசித்து நெடுநேரம் அடியில் இருக்கும் காலம் வந்தது. அழுத்தப்பட்ட காற்றைச் சுவாசித்து, படிப்படியாக மேலேறாமல் விரைந்து வெளியே வருபவர்களின் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழிகள் உண்டாகும். அவை எலும்புக்குப் போகும் ரத்தத்தை அடைத்தால் அந்த எலும்புப் பகுதி செத்துப்போகும். சுரங்கங்களிலும் பாலக் கட்டுமானங்களிலும் அழுத்தக் காற்றில் வேலை செய்தவர்களிடம் 1911இலேயே இதை எக்ஸ்ரேயில் கண்டு எழுதிவிட்டார்கள். தோள்பட்டையின் உருண்டை, தொடையெலும்பின் தலை, தொடையெலும்பின் தண்டு ஆகியவை பாதிக்கப்படும் இடங்கள். எலும்பு ஸ்கேன் இவற்றை எக்ஸ்ரேக்கு முன்பே கறுப்பாகக் காட்டும். தொடையெலும்பின் மேற்பகுதி புராஸ்டேட் புற்றுக்கும் பிடித்த இடம் என்பதால், இளமையில் சங்கு குளித்தவர் என்ற ஒரு வரி ஸ்கேன் சீட்டில் இல்லாவிட்டால் படம் பார்ப்பவர் எப்படிப் பிரித்தறிவார்? விலாவில் விழுந்த பழைய அடிகளும் அப்படியே. ஒரு வரிசையில் அடுத்தடுத்த விலாக்கள் ஒளிர்ந்தால் பெரும்பாலும் அது எப்போதோ கீழே விழுந்த கதை. சிதறலாக ஒளிர்ந்தால்தான் பரவலைச் சந்தேகிக்க வேண்டும்.

சிடியை இந்த ஒப்பீட்டில் தனியே நிறுத்தத் தேவையில்லை. எலும்பு ஸ்கேனோடு சிடியைச் சேர்த்து முப்பரிமாணத்தில் எடுக்கும் ஸ்பெக்ட்-சிடி, மேலே சொன்ன குழப்பங்களில் பாதியைத் தீர்த்துவிடும். மூட்டின் ஓரத்தில் ஒளிர்ந்தது தேய்மானம் என்றும், எலும்பின் நடுவில் ஒளிர்ந்தது சந்தேகத்துக்குரியது என்றும் அதே மேசையில் தெரிந்துவிடும். கோலின் பெட்டின் காலம் பிஎஸ்எம்ஏ வந்ததும் முடிந்துவிட்டது. சர்க்கரையைப் பின்தொடரும் சாதாரண எஃப்டிஜி பெட், பெரும்பாலான புராஸ்டேட் புற்றுக்கு முதலில் எடுக்கும் படமாக ஏற்றதல்ல. மற்றப் புற்றுநோய்களுக்கு எடுப்பதைப் பார்த்து இதற்கும் அதையே எடுக்கச் சொல்லிக் குடும்பத்தார் கேட்பதும், எடுத்துக் காசை இழப்பதும் நடக்கிறது.

எம்ஆர்ஐ வேறு வகைக் கண். இது எலும்பின் சுண்ணத்தைப் பார்ப்பதைவிட மஜ்ஜையைப் பார்க்கிறது. முதியவரின் மஜ்ஜையில் கொழுப்பு நிறைந்திருக்கும். புற்றணுக்கள் அந்தக் கொழுப்பைத் தள்ளிவிட்டு உட்காரும் கணத்திலேயே படத்தின் நிறம் மாறும். எலும்பு இன்னும் எதிர்வினை காட்டத் தொடங்காத கட்டம் அது. கதிர்வீச்சு இல்லை, ஊசியும் பெரும்பாலும் தேவையில்லை. முழு உடல் எம்ஆர்ஐயை எப்படி எடுத்து எப்படி எழுதுவது என்பதற்கு 2017இல் சர்வதேச வழிமுறையும் வந்துவிட்டது. ஆனால் நேரம் அதிகம், அதைப் பார்த்துச் சொல்லப் பயிற்சி வேண்டும், கருவிக்குள் அடைந்து கிடக்கப் பலருக்கு முடியாது.

ஒரே ஒரு நிலையில் எம்ஆர்ஐக்குப் போட்டியே இல்லை. முதுகுவலியோடு கால் தளர்கிறது, நடை தள்ளாடுகிறது, இடுப்புக்குக் கீழ் மரத்துப்போகிறது, சிறுநீர் கட்டிக்கொள்கிறது என்றால், பரவிய புற்று தண்டுவடத்தை நெரிக்கிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். அன்றே, அப்போதே முதுகு முழுவதற்கும் எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். எலும்பு ஸ்கேனுக்குத் தேதி வாங்குவதும் பெட்டுக்கு மதுரைக்கு எழுதுவதும் அந்த மனிதரின் கால்களைப் பணயம் வைப்பது. 2005இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், தண்டுவடம் நெரிபட்டவர்களுக்கு அறுவை சிகிச்சையும் கதிர்ச் சிகிச்சையும் சேர்த்துக் கொடுத்தபோது 84 சதவீதத்தினர் நடந்தார்கள். கதிர்ச் சிகிச்சை மட்டும் கொடுத்தபோது 57 சதவீதம். சிகிச்சைக்கு வரும்போது நடந்து வந்தவர்களே பெரும்பாலும் நடந்து திரும்புகிறார்கள். எம்ஆர்ஐ வசதி மாவட்டத் தலைநகரங்களுக்கு வந்து வெகுநாளாகிவிட்ட நிலையில், இந்த அறிகுறிகளை நோயாளியின் வீட்டாருக்கு முதல் நாளே சொல்லிவைப்பது எந்தக் கருவியையும்விடப் பயன் தரும்.

இப்போது பிஎஸ்எம்ஏ. புராஸ்டேட் புற்றணுவின் மேல்தோலில் அதிகமாக முளைத்திருக்கும் ஒரு புரதத்தின் பெயர் அது. அந்தப் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் சிறு மூலக்கூறில் காலியம்-68 அல்லது ஃப்ளோரின்-18 சேர்த்துச் செலுத்தினால், புற்று எங்கே இருந்தாலும் அங்கே ஒளிரும். எலும்பின் பதிலுக்குக் காத்திருக்காமல் நோயையே காட்டும் படம் இது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் உருவான காலியம் மருந்து 2012க்குப் பிறகு உலகம் சுற்றியது. 2020 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதை ஏற்றது. அதே ஆண்டு லான்செட்டில் மைக்கேல் ஹாஃப்மன் தலைமையிலான ஆஸ்திரேலியக் குழு வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையைப் புரட்டிப் போட்டது. பத்து மையங்களில், பரவல் அபாயம் அதிகமுள்ள 302 ஆண்களைச் சீட்டுப்போட்டுப் பிரித்து, ஒரு பாதிக்கு முதலில் பிஎஸ்எம்ஏ பெட், மறுபாதிக்கு முதலில் சிடியும் எலும்பு ஸ்கேனும் எடுத்தார்கள். துல்லியம் 92 சதவீதம், எதிரே 65 சதவீதம். என்ன என்று சொல்ல முடியாமல் தொங்கவிட்ட படங்கள் 7 சதவீதம், எதிரே 23 சதவீதம். உடலில் ஏறிய கதிர்வீச்சும் குறைவு: 8.4 மில்லிசீவர்ட், எதிரே 19.2. அந்த ஆய்வு நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்துப் பார்த்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டே எலும்புக்கு அதை மேற்கோள் காட்ட வேண்டும்.

பிஎஸ்எம்ஏவும் பொய் சொல்லும். ஃப்ளோரின் சேர்த்த 1007 என்ற வகை மருந்தில், நோய் எதுவும் இல்லாத விலாக்களில் மங்கலான புள்ளிகள் தெரிவது நன்கு அறிந்த தொல்லை. எலும்பு முறிவும் பேஜட் என்ற எலும்பு நோயும் ஒளிரும். மறுபக்கம், சில புற்றுகள் இந்தப் புரதத்தை மிகக் குறைவாகவே காட்டும், அவை படத்தில் மறைந்துவிடும். ஒரே ஒரு விலாப் புள்ளியை நம்பி, குணப்படுத்தக்கூடிய அறுவை சிகிச்சையையோ கதிர்ச் சிகிச்சையையோ ஒருவருக்கு மறுத்தால், புதிய கருவியால் விளைந்த கேடு அது.

இன்னும் ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. இன்று நாம் கையாளும் சிகிச்சை முறைகள் எல்லாம் பழைய ஸ்கேனின் கண்ணால் பிரிக்கப்பட்ட நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டவை. 2015இல் வந்த சார்ட்டட் ஆய்வு, நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட எலும்புப் புண்கள் இருந்து, ஒன்றாவது முதுகுக்கும் இடுப்புக்கும் வெளியே இருந்தால், அல்லது உள்ளுறுப்புகளுக்குப் பரவியிருந்தால் அதை நோயின் அதிக பாரம் என்றது. 2018இல் பிரிட்டனின் ஸ்டாம்பீட் ஆய்வு, குறைந்த பாரம் உள்ளவர்களுக்குப் புராஸ்டேட்டின் மேல் கதிர் கொடுத்தால் மூன்று ஆண்டு உயிர்வாழ்வு 73இலிருந்து 81 சதவீதமாகக் கூடும் என்றது. அந்த நான்கு புண்களை எண்ணியது எலும்பு ஸ்கேன். பிஎஸ்எம்ஏ பெட் அதே மனிதரிடம் ஒன்பதைக் காட்டினால் அவர் எந்தக் கூட்டம்? இப்படிப் படம் கூர்மையாவதால் மட்டுமே நோயாளிகள் ஒரு பிரிவிலிருந்து மறு பிரிவுக்கு நகர்ந்து, இரு பிரிவின் வாழ்நாளும் கூடியதுபோலத் தெரியும், ஒருவர்கூடக் கூடுதலாக வாழாமலே, என்று ஆல்வன் ஃபைன்ஸ்டீன் 1985இலேயே எச்சரித்தார். ஐரோப்பிய சிறுநீரகவியல் வழிகாட்டிகள் பிஎஸ்எம்ஏவின் துல்லியத்தை ஏற்றுக்கொண்டே, அதனால் வாழ்நாள் கூடுகிறது என்பதற்கான சான்று போதாது என்று சேர்த்து எழுதுவது இதனால்தான். எலும்பு ஸ்கேனில் தெளிவாக நிறையப் பரவியிருப்பது தெரிந்தவருக்கு, பிஎஸ்எம்ஏ பெட் எடுத்து இன்னும் பத்துப் புள்ளி கண்டுபிடிப்பதால் சிகிச்சை மாறப்போவதில்லை.

யாருக்கு எந்த ஸ்கேனும் வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். 1991இல் மேயோ கிளினிக்கிலிருந்து வந்த கணக்கில், பிஎஸ்ஏ 20க்கு மேல் போகாத 306 பேரில் ஒருவருக்கு மட்டுமே எலும்பு ஸ்கேனில் பரவல் தெரிந்தது. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவச் சங்கம் 2012இல் வெளியிட்ட தேவையற்ற சோதனைகளின் பட்டியலிலும், அபாயம் குறைந்த புராஸ்டேட் புற்றுக்கு எடுக்கும் எலும்பு ஸ்கேனும் சிடியும் பெட்டும் இடம்பெற்றன. நம் ஊரில் இரண்டு அநீதிகளும் ஒன்றாக நடக்கின்றன: தேவைப்படாதவருக்குப் பெட், தேவைப்படுபவருக்கு வெறும் எக்ஸ்ரே.

சரி, இந்தக் கரையில் என்ன செய்யலாம்? என் பார்வை இது. பிஎஸ்ஏ மிக உயர்ந்து, எலும்பு வலியும் இருந்து, ரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்படேஸும் கூடியிருப்பவருக்கு எலும்பு ஸ்கேன் போதும், முடிந்தால் ஸ்பெக்ட்-சிடியோடு. அது சில ஆயிரத்தில் முடியும், ஒரே நாளில் விடை தரும். டெக்னீசியம் கலம் ஏறத்தாழ ஒரு வாரம் பயன்படுவதால் பெருநகரத்துக்கு அப்பாலும் இதை நடத்த முடிகிறது. உலக அளவில் மாலிப்டினம் தட்டுப்பாடு வந்த காலமும் உண்டு. 2009 மே மாதம் கனடாவின் சாக் ரிவர் அணு உலை நின்றபோது உலகெங்கும் ஸ்கேன்கள் தள்ளிப்போயின. இந்தியாவில் கதிரியக்க மருந்துகளை வழங்கும் அரசு அமைப்பான பிரிட் போன்ற ஏற்பாடுகளின் அருமை அப்போதுதான் புரியும்.

பிஎஸ்எம்ஏ பெட்டை, புற்று சுரப்பிக்குள்ளேயே இருப்பதாகத் தோன்றினாலும் பரவல் அபாயம் அதிகமுள்ளவருக்கு எழுதலாம். அறுவை சிகிச்சையா, கதிர்ச் சிகிச்சையா, ஹார்மோன் சிகிச்சையா என்பது அந்தப் படத்தைப் பொறுத்து உண்மையிலேயே மாறும். சிகிச்சைக்குப் பின் பிஎஸ்ஏ மெல்ல ஏறுபவருக்கும், லுட்டீசியம்-177 சேர்த்த பிஎஸ்எம்ஏ சிகிச்சைக்குத் தகுதி பார்க்கப்படுபவருக்கும் அது தேவை. 2021இல் வந்த விஷன் ஆய்வில் அந்தச் சிகிச்சை இடைநிலை வாழ்நாளை 11.3 மாதத்திலிருந்து 15.3 மாதமாக நீட்டியது. லுட்டீசியத்தை நம் நாட்டின் பாபா அணு ஆராய்ச்சி மையமே தயாரிக்கிறது. ஃப்ளோரின்-18 வெறும் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும், சைக்ளோட்ரான் உள்ள ஊரிலிருந்து வண்டியில் வந்தாக வேண்டும். காலியம்-68க்குக் கலம் உண்டு. அதன் தாய் ஜெர்மானியத்துக்கு அரை ஆயுள் 271 நாள். தென்கோடி மாவட்டங்களுக்குப் பிஎஸ்எம்ஏ வர வேண்டுமானால் காலியம் கலத்தின் வழியாக வருவதே நடைமுறைக்கு ஏற்றது என்று நினைக்கிறேன். அதுவரை பலர் திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ சென்னைக்கோதான் போகிறார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் மருத்துவச் செலவில் கைகொடுத்தாலும், கூடப் போகும் மகனின் இரண்டு நாள் கூலியும் பஸ் செலவும் அந்தக் கணக்கில் வருவதில்லை.

எதை முதலில் செய்வது என்ற வரிசையில் ஒரு சிறு விஷயம் பெரிதாகப் பாதிக்கிறது. ஹார்மோன் ஊசி போட்ட பிறகு படம் எடுத்தால் படத்தின் பொருள் மாறிவிடும். பிஎஸ்எம்ஏ அளவும் ஏறி இறங்கும். எனவே, அவசரம் இல்லாதவரை, படம் முதலில், ஊசி பிறகு. தண்டுவடம் நெரிபடுபவருக்கு இது பொருந்தாது. அவருக்கு ஆண் ஹார்மோனை வேகமாக இறக்க வேண்டும். விதை நீக்கும் அறுவை சிகிச்சை அதைச் சில மணி நேரத்தில் செய்துவிடும். 1941இல் சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டிய அந்த வழி, ஒரே முறை செலவு என்பதால் நம் பகுதிகளில் இன்றும் பலருக்கு வாழ்வளிக்கிறது. சிகிச்சை தொடங்கி மூன்று மாதத்தில் எடுக்கும் எலும்பு ஸ்கேனில் புண்கள் கூடித் தெரிந்தால் உடனே பயப்பட வேண்டாம் என்பதையும் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும். ஆறும் எலும்பும் கறுப்பாகத்தான் தெரியும். 2008இல் வகுத்த சர்வதேச விதி, புதிதாக இரண்டு புண்ணாவது தெரிந்து, அடுத்த ஸ்கேனிலும் மேலும் இரண்டு கூடினால்தான் நோய் முன்னேறியது என்று எழுத அனுமதிக்கிறது. பிஎஸ்ஏ இறங்கிக்கொண்டிருக்கும்போது படத்தைப் பார்த்து மருந்தை மாற்றிவிடக் கூடாது.

கடைசியாக ஒன்று, இதற்குப் புதுக் கருவி எதுவும் தேவையில்லை. ஸ்கேன் சீட்டில் இப்போது நாம் பெரும்பாலும் எழுதுவது புராஸ்டேட் புற்று, பரவல் உண்டா பார்க்கவும் என்பது மட்டும். அதோடு பிஎஸ்ஏ எண், துணுக்குப் பரிசோதனையின் தரம், ஹார்மோன் தொடங்கிய தேதி, எங்கே எவ்வளவு நாளாக வலி, எந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தார், காசம் வந்ததுண்டா, எப்போதாவது எங்காவது விழுந்தாரா, கம்ப்ரஸர் போட்டுக் கடலில் இறங்கியவரா என்று சேர்த்து எழுதினால், மதுரையில் இருட்டறையில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்க்கும் மருத்துவர் முத்துக்குளித்துறையின் எலும்பைப் பார்க்கிறோம் என்று அறிந்தே பார்ப்பார்.